ஐசியுவிலிருந்து வீடு வந்து 5 வாரம் ஆகிறது, அப்பா இன்னும் பழையபடி ஆகவில்லை. என்ன செய்வது?

காவிரிக்கரை மகள்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது, ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டே கடையில் உட்கார்ந்திருந்தார். ஆறாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வேட்டி கட்டும் இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது, அதைப் பார்த்ததுமே ஸ்க்ரப் டைபஸ், அதாவது பூச்சிக்கடியால் வரும் ஒரு கிருமிக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தன. 19 நாள் ஐசியு, அதில் 14 நாள் வென்டிலேட்டர். பத்தாம் நாள் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். நான்கு முறை டயாலிசிஸ். அப்புறம் வார்டில் 9 நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

உயிரோடு வந்ததற்கு அந்த டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் ஆயுசுக்கும் நன்றி சொல்லுவேன், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வந்திருப்பவர் எங்கள் அப்பா மாதிரி இல்லை.

தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, கழிப்பறைக்கு நானும் அம்மாவும் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும், அதில் அவர் கூனிக் குறுகிப் போகிறார். டம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது. தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. 40 வருடமாக மனக்கணக்கில் பில் போட்டவர், நேற்று 3 பொருளுக்குக் கூட்டிச் சொல்ல முடியாமல் நோட்டை மூடி வைத்துவிட்டார். இரவில் தூங்குவதில்லை. இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "என்னைப் படகில் கட்டிப் போட்டு எங்கேயோ கொண்டுபோனார்கள், விலை பேசினார்கள், நீங்கள் யாரும் வரவில்லை" என்று சொல்லி அழுகிறார். அவர் அழுது நான் பார்த்ததே கிடையாது.

இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். ரத்தமும் எக்ஸ்ரேயும் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் 11 மாத்திரை இருக்கிறது, நடப்பது பற்றியோ தூக்கம் பற்றியோ ஒரு வரி இல்லை. சொந்தக்காரர்கள் "பிழைத்து வந்ததே பெரிய விஷயம், இதை எல்லாம் பெரிதுபடுத்தாதே" என்கிறார்கள். அம்மாவோ "அவர் மனசு வைத்தால் எழுந்துவிடுவார்" என்று கோபப்படுகிறார்.

இது நோயின் மிச்சமா, இல்லை மூளையில் ஏதாவது ஆகிவிட்டதா? சரியாகுமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

இரவுப்பணி சிஸ்டர்

தங்கச்சி என்று கூப்பிடுகிறேன். 12 வருடமாக ஐசியுவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், இது மனசு வைக்காததால் வருவது இல்லை.

உங்கள் அப்பா சொல்லும் படகைப் பற்றிச் சொல்லட்டுமா? படுக்கைப்புண் வராமல் இருக்க நாங்கள் ஏர் பெட் போடுவோம். அதில் ஒரு வரிசைக் காற்றறை உப்பும், பக்கத்து வரிசை வற்றும், சில நிமிடத்தில் மாறும். மயக்க மருந்தில் பாதி விழித்தும் பாதி விழிக்காமலும் இருப்பவருக்கு அது தண்ணீரில் மிதப்பது போல இருந்திருக்கலாம். வாயில் குழாய் இருக்கும்போது தூக்கக் கலக்கத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று கையைத் துணியால் கட்டிலோடு கட்டுவது உண்டு, கட்டிப் போட்டார்கள் என்று அவர் சொல்வது அதுவாக இருக்கலாம். விலை பேசியது? கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு எத்தனை லட்சம் ஆகும், எவ்வளவு கட்டியிருக்கிறது என்று யாராவது பேசியிருப்பார்கள். அவருக்குக் கேட்காது என்று நினைத்துத்தான் எல்லோரும் பேசுகிறோம். காது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அர்த்தம்தான் தாறுமாறாகச் சேர்ந்துகொள்கிறது.

இதற்கு டெலிரியம் என்று பெயர். பைத்தியம் இல்லை. கிருமித் தொற்று, மயக்க மருந்து, இரவு பகல் தெரியாத விளக்கு, ஓயாத அலாரச் சத்தம் எல்லாம் சேர்ந்து மூளை தடுமாறுவது. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் 821 ஐசியு நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2013ல் வெளியிட்டார்கள். மருத்துவமனையில் இருந்தபோது 74 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்திருந்தது. ஒரு வருடம் கழித்தும் மூன்றில் ஒருவருக்கு நினைவாற்றலும் யோசிக்கும் வேகமும் தலையில் நடுத்தரமான அடிபட்டவர்களுக்கு இருப்பது போலக் குறைந்திருந்தது. டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்குப் பாதிப்பும் கூடியிருந்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பில் கூட்ட முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று அவருக்கும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் தனக்குப் புத்தி மங்கிவிட்டது என்று வெளியே சொல்லாமல் வைத்துக்கொண்டு உள்ளேயே நொந்து போவார்.

செய்ய வேண்டியது ஒன்று சொல்கிறேன். அந்த 19 நாளில் தம்பிக்கோ சித்திக்கோ வாட்ஸப்பில் செய்தி அனுப்பியிருப்பீர்கள் அல்லவா, "இன்று காய்ச்சல் குறைந்தது", "இன்று கண் திறந்தார்" என்று? அதைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் வந்து பார்த்தார்கள், கண்ணாடிக்கு வெளியே எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஐரோப்பாவில் பல ஐசியுக்களில் நர்ஸும் குடும்பமும் சேர்ந்து இப்படி நாட்குறிப்பு எழுதும் வழக்கம் இருக்கிறது. 2010ல் வந்த ஆய்வில் நாட்குறிப்பு கொடுத்தவர்களில் 5 சதவீதம் பேருக்கும் கொடுக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்கும் பின்னாளில் பிடிஎஸ்டி, அதாவது நடந்த பயங்கரம் திரும்பத் திரும்ப நினைவில் வந்து வதைக்கும் மனநோய் வந்தது. 2019ல் பிரான்சில் வந்த இன்னொரு ஆய்வில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் "நீங்கள் யாரும் வரவில்லை" என்று அழும் மனிதருக்கு, வந்தோம் என்று தேதியோடு காட்டுவதில் என்ன நஷ்டம்? ஒன்று மட்டும், கட்டாயப்படுத்திப் படிக்க வைக்காதீர்கள். அவர் கேட்கும்போது கொடுங்கள். படகு பொய் என்றும் வாதாடாதீர்கள், அவருக்கு அது நடந்ததுதான்.

செந்தூரன்

சகோதரி, எங்கள் மாமாவுக்கும் இப்படித்தான் இருந்தது. தினமும் ஆட்டுக்கால் சூப், கூடவே நாட்டு மருந்துக் கடையில் நரம்புக்கு ஒரு லேகியம் வாங்கிக் கொடுத்தோம். ஒரு மண்டலத்தில் எழுந்து நடந்தார். முயற்சி செய்து பாருங்கள்.

நடைபழகு

பிசியோதெரபிஸ்ட். சூப்பைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை, சிறுநீரகம் அடிபட்டு டயாலிசிஸ் வரை போனவருக்கு லேகியம் கொடுப்பதற்கு முன்னால் தயவுசெய்து டாக்டரைக் கேளுங்கள்.

ஐசியுவில் தசை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. லண்டனில் தொடைத் தசையை ஸ்கேனில் அளந்து பார்த்திருக்கிறார்கள், பத்தே நாளில் அதன் பருமன் சராசரியாக 17.7 சதவீதம் குறைந்திருந்தது. சாப்பாடு குழாய் வழியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே இது நடக்கிறது, ஏனென்றால் உடம்பு முழுக்கப் பரவிய அழற்சி தசையைத் தின்கிறது. அதோடு நரம்பும் பாதிக்கப்படலாம். அதனால்தான் கை நடுக்கம், தரையிலிருந்து எழ முடியாமை. தரையிலிருந்து எழுவது ஆரோக்கியமான 61 வயதுக்காரருக்கே சுலபமில்லை, அதை வைத்து அவரை எடை போடாதீர்கள்.

இன்றைக்கே ஒரு கமோடு நாற்காலி வாங்குங்கள், வாடகைக்கும் கிடைக்கும். கழிப்பறையில் சுவரில் ஒரு கைப்பிடி அடியுங்கள். இரண்டு பேர் பிடித்துக் கூட்டிப் போவது நிற்கிற அன்று அவர் முகம் மாறும், நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் கட்டை வைத்து உயரமாக்குங்கள், உயரத்திலிருந்து எழுவது எளிது.

பயிற்சி: கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, 5 முறை, காலையும் மாலையும். நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும். ஒரு வாரம் அது சுலபமாக வந்தால் 8 முறை, அப்புறம் கையை ஊன்றாமல், அப்புறம் கொஞ்சம் தாழ்வான நாற்காலி. நடை என்றால் முதலில் திண்ணை வரை, அப்புறம் பக்கத்து வீட்டு வாசல் வரை. நடந்துகொண்டே இரண்டு வார்த்தை பேச முடிய வேண்டும், பேச முடியாமல் மூச்சு முட்டினால் உட்கார வையுங்கள். தலைசுற்றல், நெஞ்சு வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். மறுநாள் எழவே முடியாத அளவுக்கு அசதி என்றால் முந்தின நாள் அதிகமாகச் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். நிறையச் செய்தால் சீக்கிரம் சரியாகும் என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது, அது தவறு. ஐசியுவுக்குள்ளேயே வழக்கத்தைவிடத் தீவிரமாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2022ல் வந்தது, 750 பேர், கூடுதல் பலன் கிடைக்கவில்லை, கெட்ட விளைவுகள்தான் கூடின. சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும், ஆளுக்குத் தகுந்த அளவில் செய்ய வேண்டும், விடாமல் செய்ய வேண்டும்.

சாப்பாட்டில் முட்டை, பருப்பு, மீன், தயிர் எவ்வளவு என்பதைச் சிறுநீரக டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கூட்டுங்கள். வயிறு கொஞ்சமாகத்தான் ஏற்கும், அதனால் ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுகிறதா என்று கவனியுங்கள். குழாய் வைத்திருந்தவர்களுக்கு விழுங்குவதில் சிக்கல் வரும், தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் மறுபடி நிமோனியா.

பிசியோ செலவு தாங்காது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் உண்டு. சுகாதாரத் தன்னார்வலரிடம் சொன்னால் போதும்.

காவிரிக்கரை மகள்

படகு விஷயத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் அழுதேன் சிஸ்டர். அந்த ஏர் பெட் மோட்டார் சத்தம் எனக்கே இன்னும் ஞாபகம் இருக்கிறது. பணம் பேசியதும் உண்மைதான், நானும் சித்தப்பாவும்தான் அங்கே நின்று பேசினோம்.

இந்த மாதிரி இருந்து திரும்பி வேலைக்குப் போனவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? எத்தனை நாள் ஆனது?

கணக்கு வாத்தியார்

இருக்கிறேன் அம்மா. 2021 மே மாதம் கொரோனா, 23 நாள் வென்டிலேட்டர். செப்டம்பரில் பள்ளிகள் திறந்தபோது மற்றவர்களோடு நானும் போனேன், போயிருக்கக் கூடாது. பத்தாம் வகுப்புக்குப் பலகையில் ஒரு சமன்பாடு எழுத ஆரம்பித்தேன், பாதியில் அடுத்த வரி என்ன என்று வரவில்லை. 22 வருடம் நடத்திய பாடம். சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி நின்றேன், முன்வரிசையில் இருந்த பிள்ளை மெதுவாக அடுத்த வரியைச் சொன்னாள். அன்று வீட்டுக்கு வந்து வேலையை விட்டுவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

விடவில்லை. தலைமையாசிரியர் நல்ல மனிதர், காலை இரண்டு பாடவேளை மட்டும் கொடுத்தார். பாடக் குறிப்பைப் பார்த்து நடத்தினேன், முன்பெல்லாம் பார்த்ததே இல்லை. தினமும் மாலையில் மகனோடு உட்கார்ந்து வாய்ப்பாடு, சின்னக் கணக்கு, செய்தித்தாளில் ஒரு பத்தி படித்துவிட்டு அதில் என்ன இருந்தது என்று சொல்வது. முழு நேரத்துக்கு வர 14 மாதம் ஆனது. இப்போது நன்றாக இருக்கிறேன், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் இன்றும் திணறுவேன். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் அந்த பீப் பீப் சத்தம் கேட்டால் கை வியர்க்கும்.

பின்னாளில் ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார், கனடாவில் டொராண்டோவில் நுரையீரல் செயலிழந்து பிழைத்த 109 பேரை வருடக் கணக்கில் பார்த்திருக்கிறார்கள், ஒரு வருடத்தில் வேலைக்குத் திரும்பியவர்கள் 49 சதவீதம்தான், ஐந்து வருடத்தில் 77 சதவீதம் என்று. அதைக் கேட்ட பிறகுதான் நான் மட்டும் சோம்பேறி இல்லை என்று எனக்கு நிம்மதி வந்தது. 5 வாரம் என்பது ரொம்பச் சின்ன காலம் அம்மா.

உங்கள் அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவிக்கு இரவில் போன் அடித்தால் உடம்பு உதறும், மருத்துவமனையிலிருந்து இரவில்தான் கூப்பிடுவார்கள். போன் மணி ஓசையை மாற்றினோம், போதவில்லை. எனக்குச் சரியாகிவிட்டது என்று ஆன பிறகு அவள் உடைந்து போனாள், அதுவரை தாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். உங்கள் அம்மாவின் கோபத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். 14416 என்று அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அப்பாவுக்கு மட்டும் இல்லை, அம்மாவுக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வார்டு ரவுண்ட்ஸ்

தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர். மேலே எழுதியவர்கள் சொன்னதையே திரும்பச் சொல்லப் போவதில்லை, விட்டுப்போனவை சில.

அவசரமானது முதலில். தொண்டையில் துளை போட்டவர்களுக்கு மூச்சுக்குழாய் உள்ளே தழும்பாகிச் சுருங்கலாம், வாரங்கள் மாதங்கள் கழித்தும் வரும். மூச்சை இழுக்கும்போது விசில் போலச் சத்தம் கேட்டால், அல்லது நடை தேறிக்கொண்டே வந்து திடீரென்று மூச்சு வாங்குவது கூடினால், ஆஸ்துமா என்று இன்ஹேலரோடு இருந்துவிடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், தொண்டையில் குழாய் வைத்திருந்தது என்று நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அடுத்து அந்த 11 மாத்திரை. டெலிரியத்துக்காக ஐசியுவில் ஆரம்பித்த தூக்க மருந்தும் அமைதிப்படுத்தும் மருந்தும் யாரும் நிறுத்தச் சொல்லாததால் டிஸ்சார்ஜ் சீட்டிலும் தொடர்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மறதியும் தள்ளாட்டமும் கொஞ்சம் அதனாலும் இருக்கலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம், சீட்டைக் கொண்டுபோய் ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, எதுவரை என்று கேளுங்கள். வலிக்கு என்று டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரை எதுவும் கடையில் வாங்கிப் போட வேண்டாம். சிறுநீரகத்தை மூன்று மாதம் முடியும்போது கட்டாயம் மறுபடி பரிசோதிக்க வேண்டும், இப்போது நார்மல் என்றாலும். முடி கொட்டுவது பெரிய நோய்க்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் வருவதுதான், பெரும்பாலும் முளைத்துவிடும்.

இரவுப் பயமும் அழுகையும் இன்னும் சில வாரத்தில் குறையாவிட்டால், அல்லது சாப்பிட மறுத்தால், வாழவே பிடிக்கவில்லை என்று பேசினால், மனநல மருத்துவரிடம் தாமதிக்காமல் கூட்டிப் போங்கள்.

இனி எங்கள் பக்கம். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி இல்லை என்று எழுதியிருந்தீர்கள், அது என்னைக் குத்தியது, ஏனென்றால் நானும் அப்படி எத்தனையோ சீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 1952ல் கோபன்ஹேகனில் போலியோ பரவி மூச்சு நின்ற நோயாளிகளுக்கு மருத்துவ மாணவர்கள் மாறி மாறிக் கையால் காற்றுப்பையை அமுக்கிக் காப்பாற்றினார்கள், இன்றைய ஐசியு அங்கிருந்து வளர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் கணக்கு ஒன்றுதான், பிழைத்தாரா இல்லையா. பிழைத்தவர் எப்படி வாழ்கிறார் என்பதை அளக்க ஆரம்பித்ததே பின்னால்தான். 2010ல் அமெரிக்காவில் மருத்துவர்களும் நோயாளிகளின் குடும்பத்தினரும் கூடிப் பேசிய ஒரு கூட்டத்துக்குப் பிறகுதான் இந்த மிச்சத்துக்கு ஒரு பெயரே வந்தது. போஸ்ட் இன்டென்சிவ் கேர் சிண்ட்ரோம், அதாவது தீவிர சிகிச்சைக்குப் பிறகு மிஞ்சும் பாதிப்புகள். உடல், யோசிக்கும் திறன், மனம் மூன்றும் அதில் அடக்கம், குடும்பத்துக்கு வருவதையும் சேர்த்தே சொன்னார்கள்.

இதில் ஒரு பகுதியை ஐசியுவிலேயே குறைக்க முயலலாம், அதற்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டாம் என்பதுதான் எனக்கு வருத்தம். மயக்க மருந்தைத் தினமும் ஒருமுறை நிறுத்தி விழிக்க வைத்தால் வென்டிலேட்டர் நாட்கள் குறைகின்றன, 2000ல் சிகாகோவில் செய்த ஆய்வில் 7.3 நாளிலிருந்து 4.9 ஆகக் குறைந்தது. அப்படி விழிக்க வைத்து, வென்டிலேட்டரில் இருக்கும்போதே கை கால் அசைத்து உட்கார வைத்தவர்களில் 59 சதவீதம் பேர் டிஸ்சார்ஜ் ஆகும்போது தங்கள் அன்றாடத் தேவைகளைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள், வழக்கமான சிகிச்சையில் 35 சதவீதம். 2009ல் வந்தது இது. கண்ணாடியும் காது கருவியும் திருப்பிக் கொடுப்பது, இரவில் விளக்கை அணைப்பது, சுவரில் கடிகாரம், முக்கியமாகக் குடும்பத்தை உள்ளே விடுவது. காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம், அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவது என்ற வழக்கத்தை நாங்கள் மாற்றியே ஆக வேண்டும். நர்ஸ் எண்ணிக்கை குறைவு, இடம் குறைவு, கிருமி பயம், எல்லாம் உண்மை. ஆனால் மகளின் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் படகு கொஞ்சம் கரைக்குப் பக்கத்தில் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உங்கள் வீட்டில் யாராவது இப்போது ஐசியுவில் இருந்தால், தினமும் கேளுங்கள். இன்று விழிக்க வைத்தீர்களா, இன்று உட்கார வைக்கலாமா, பிசியோ வந்தாரா. கேட்கிற குடும்பத்தின் நோயாளியை எங்களால் மறக்க முடியாது.

காவிரிக்கரை மகள்

பத்து நாள் ஆகிறது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். கமோடு நாற்காலி வாடகைக்கு எடுத்தோம். டாக்டரிடம் சீட்டைக் காட்டியதில் ஒரு தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். நாற்காலியில் 5 முறை எழுகிறார், ஏழு வரை போனார், மறுநாள் முழுக்கப் படுத்துவிட்டார், திரும்ப ஐந்துக்கே வந்துவிட்டோம்.

கடையின் பழைய கணக்கு நோட்டு ஒன்றில் 19 நாளையும் எழுதிவிட்டேன், தம்பிக்கு அனுப்பிய செய்திகளை வைத்து. ஏர் பெட் பற்றிச் சொன்னபோது ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நோட்டை வாங்கி ஆறாம் நாள் வரை படித்துவிட்டு மூடி வைத்தார். நேற்றுக் காலையில் அவராகவே "ஏழாம் நாள் என்ன ஆச்சு, படி" என்றார். அம்மாதான் படித்தார். ஏழாம் நாள் அம்மா வெளியே பெஞ்சிலேயே தூங்கிவிட்டதை எழுதியிருந்தேன், அது அப்பாவுக்குத் தெரியாது.

புதன்கிழமை பிசியோ வீட்டுக்கு வருகிறார். வாத்தியார் ஐயா, தினமும் மாலையில் மூன்று பொருளுக்கு பில் போட வைக்கிறேன். நேற்று மூன்றும் சரி.